நாற்காலி வேண்டாம், நடக்க விடுங்கள்

கல்லும் முள்ளும் கால்பட்டுப் பழகிய நம் நடைக் கழகத்தின் தலைவர் அவர்களே! கட்டுப் பிரித்த கணுக்காலோடு என் இடப்புறம் அமர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் தம்பி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டே வந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இது எப்போது முடியும் என்று வாசலில் நின்று மணி பார்க்கும் தந்தைமார்களே! உள்ளே வாருங்கள் ஐயா, இடம் இருக்கிறது. உங்கள் அத்தனை பேருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னை இங்கே பாராட்டுவதற்காக அழைத்திருக்கிறார்கள். பாராட்டின் அடையாளமாக ஒரு பரிசும் வைத்திருக்கிறார்கள். மேடையின் மூலையில் பளபளக்கும் காகிதம் சுற்றி நிற்கிறதே, அதுதான். என்னவென்று நினைக்கிறீர்கள்? முதுகுப்பையா? மழையங்கியா? வழுக்காத காலணியா? இல்லை, என் அன்பு நெஞ்சங்களே! அது ஒரு சாய்வு நாற்காலி. கால் நீட்டிக்கொள்ளத் தனிப் பலகை வைத்த சாய்வு நாற்காலி! நடந்து நடந்து பெயர் வாங்கியவளுக்கு நாற்காலியாம்! நீந்துகிறவனுக்கு நீச்சல் குளத்தை மூட ஒரு மூடி வாங்கிக் கொடுப்பீர்களா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

இந்த நாற்காலிக்குப் பின்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. நாளை விடியற்காலையில் நம் கழகத்தின் ஆண்டு நெடுநடை. ஆற்றுப் பாலத்தில் தொடங்கி, காட்டைக் கடந்து, மலைமுகட்டின் மேலேயே நடந்து, அந்தப் பக்கம் ஏரிக்கரை விடுதியில் இறங்கும் நடை. இந்த ஆண்டு முதல் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அதில் நடக்கக் கூடாதாம். எங்களை வேனில் ஏற்றி நேராக விடுதிக்குக் கொண்டுபோவார்களாம். நாங்கள் அங்கே உட்கார்ந்து, நடந்து வருகிறவர்களுக்குக் கைதட்டித் தேநீர் ஊற்ற வேண்டுமாம். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆகவே எனக்கு வேன். ஆகவே எனக்கு நாற்காலி.

கேட்கிறேன், யாரைக் கேட்டு இந்தத் தீர்மானம்? எந்த முட்டியைக் கேட்டீர்கள்? எந்த மூச்சைக் கேட்டீர்கள்?

நான் எக்ஸ்ரே எடுக்கிறவள். உங்களில் பாதிப் பேருக்கு என் முகத்தைவிட என் குரல் பழக்கம். "மூச்ச நல்லா இழுங்க... பிடிங்க... விடுங்க." நாள் முழுக்க அதுதான் என் வசனம். சன்னல் இல்லாத அறை. ஈயம் வைத்த கதவு. வெளியே மழையா வெயிலா என்று உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஊருக்கெல்லாம் மூச்சை விடச் சொன்ன நான், நாற்பத்தாறு வயதுவரை என் மூச்சை எங்கே விட்டேன்? அறையில் விட்டேன், அடுப்படியில் விட்டேன், பேருந்துக் கூட்டத்தில் விட்டேன். முதன்முதலாக அந்த முகட்டில் ஏறி நின்று, இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு விட்டேன் பாருங்கள் ஒரு மூச்சு, அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் என்னை வீட்டில் பிடித்துவைக்க முடியவில்லை.

வீட்டில் சும்மா விட்டார்களா? முதல் வாரமே என் மகள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"மலைக்கு."

"டாக்டர் நடக்கச் சொன்னாரா?"

"இல்லடி."

"அப்புறம் எதுக்கு?"

"பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கா? அப்பா! இங்க வாங்க, அம்மா என்னமோ சொல்றாங்க!"

அவர் வந்தார். சவரம் பாதியில் நிற்கிறது, ஒரு கன்னத்தில் நுரை. "ஏம்மா, வீட்ல உனக்கு என்ன குறை?" என்று கேட்டார். குறை இருந்தால்தான் மலைக்குப் போக வேண்டுமா, தாய்மார்களே? கோபித்துக்கொண்டு போகிறவளுக்குத்தான் காட்டுவழியா?

மூன்று மாதம் கழித்து எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்ப்பதாகப் பரிசோதனையில் சொன்னார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் புத்தம் புது நடைக் காலணி வந்துவிட்டது! "நட, நல்லா நட, எவ்வளவு வேணா நட" என்று அதே வாசலில் வழியனுப்பினார்கள். தலைவர் அவர்களே, காலணி உங்கள் கடையில் வாங்கியதுதான், இன்னும் உழைக்கிறது, நன்றி. ஆனால் நியாயத்தைக் கேளுங்கள். சர்க்கரைக்காக நடந்தால் சபாஷ்! சந்தோஷத்துக்காக நடந்தால் சந்தேகமா? நோய்க்கு உண்டு நேரம், நமக்கு இல்லையா? பிள்ளைக்கு ஒதுக்கினோம், பெற்றவர்களுக்கு ஒதுக்கினோம், வேலைக்கு ஒதுக்கினோம், வேலை தந்தவனின் வீட்டு விசேஷத்துக்கும் ஒதுக்கினோம். ஒரு பாறைமேல் உட்கார்ந்து, குடுவையிலிருந்து ஆறிப்போன தேநீரை ஊற்றிக் குடித்துக்கொண்டு சும்மா இருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டால் மட்டும் ஏன் ஊரே பதறுகிறது?

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். தலைவர் மணியடிக்கக் கையை நீட்டுகிறார். ஐயா, நான் உங்களிடம்தான் வந்துகொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நம் கழகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த நடையானாலும் கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பவரோ, அவர்தான் முன்னால். அவரை யாரும் முந்தக் கூடாது. அவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். அந்த இடம் பல வருடமாக நம் வெல்டர் அண்ணனுடையது. அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். நாம் செல்லமாக நத்தை என்று கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். வாரமெல்லாம் கறுப்புக் கண்ணாடிக்குள் குனிந்து தீப்பொறியைப் பார்க்கிற மனிதர். மலையில் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்ப்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் முன்னால் நடந்த காலத்தில் நம்மில் ஒருவர்கூடத் தொலைந்ததில்லை, விழுந்ததில்லை.

போன வருடம் அந்த வழக்கத்தைத் தலைவர் மாற்றினார். "வேகமா போறவங்க முன்னாடி போங்க, மத்தவங்க மெதுவா வாங்க" என்றார். இளைஞர்கள் பறந்தார்கள். கழகத்தின் கொடியும் பறந்தது. முகட்டிலிருந்து இறங்கும் சரிவில், பாதையை விட்டு விலகி ஒரு பாறைமேல் ஏறி, செல்போனைத் தூக்கிப் பிடித்துத் தன்னைத் தானே படம் எடுத்தார் ஒருவர். கால் வழுக்கியது. விழுந்தார். முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லையே! கத்தினார், கேட்கவில்லை. கூப்பிட்டார், செல்போனில் சிக்னல் இல்லை.

விழுந்தவர் யார்? ஐம்பதைத் தாண்டிய கிழமா? மூட்டு தேய்ந்த மூதாட்டியா? முப்பத்துநாலு வயது, மூச்சுக்கு முந்நூறு முறை "ஸ்பீடு, ஸ்பீடு" என்று சொல்லும் நம் செயலாளர் தம்பி!

தம்பி, கூரையில் ஒன்றும் இல்லை. என்னைப் பாருங்கள்.

அவரைக் கண்டுபிடித்தது யார்? மரத்துக்கு மரம் நின்று அண்ணாந்து பார்த்த நத்தை அண்ணன். அன்றைக்கு அண்ணாந்து பார்த்தபோதுதான் பாறை இடுக்கில் ஒரு சிவப்புச் சட்டை தெரிந்தது. நாங்கள் ஆறு பேர், எல்லாரும் ஐம்பதை ஒட்டியவர்கள், தாண்டியவர்கள். அண்ணனின் ஊன்றுகோலை முறித்துத் தம்பியின் காலுக்கு அணைகொடுத்துக் கட்டினோம். இரண்டு மழையங்கியைக் கம்பில் கோத்துத் தூளி செய்தோம். தூக்கினோம், நின்றோம், தோள் மாற்றித் தூக்கினோம். மழை வேறு. வலி தெரியாமல் இருக்க அண்ணன் அவரிடம் பேசிக்கொண்டே வந்தார்.

"தம்பி, கனமாத்தான் இருக்கீங்க. என்ன சாப்பிடுறீங்க?"

"மன்னிச்சிருங்கண்ணே."

"அட, நீங்க இருங்க. இன்னொரு மரம் வருது, அதையும் பாத்துட்டுப் போவோம்."

விடுதியில் இறங்கும்போது இருட்டிவிட்டது. வேகமாக வந்தவர்கள் குளித்து, சாப்பிட்டு, கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "ஏன் இவ்ளோ லேட்டு?" என்று கேட்டார் ஒருவர். எங்கள் தோளில் தொங்கியதைப் பார்த்த பிறகு கேரம் காயைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் அந்தக் கணுக்காலை எக்ஸ்ரே எடுத்தவளும் நான்தான். "ஆடாம இருங்க தம்பி" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்கல்லாம் இல்லன்னா நான் அங்கேயே கிடந்திருப்பேன்" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது, ஒளிப்பானேன்?

அடுத்த மாதம் செயற்குழு கூடியது. அந்த நடை தாமதமாக முடிந்தது என்று பேசினார்கள். தாமதத்துக்குக் காரணம் மூத்தவர்களின் வேகக்குறைவு என்று முடிவு கட்டினார்கள். அவர்களின் பாதுகாப்பு கருதி வேன் ஏற்பாடு! விழுந்தது இளமை, தண்டனை முதுமைக்கு! வழுக்கியது ஒரு கால், வழி மறிப்பது ஊர்க்கால்களை! தூக்கிச் சுமந்ததால் தாமதமானவர்களைத் தாமதமானதால் தள்ளி வைக்கிறீர்கள். இது நீதியா? இது நேர்மையா? நடைக் கழகமா இது, நாற்காலிக் கழகமா?

இதையெல்லாம் அறிந்த செயலாளர் தம்பி அந்தக் கூட்டத்தில் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. தலைவர் தெரியாமல் செய்தார் என்று சொல்லிக்கொள்ளலாம். நாங்கள் தோளில் சுமந்துவந்த பிள்ளை பேசாமல் இருந்ததை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அன்றிலிருந்து நத்தை அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வரவில்லை. நான் பட்டறைக்கே போய்க் கேட்டேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "என்னாலதானே எல்லாருக்கும் லேட்டாச்சும்மா" என்றார். பெரியோர்களே, பொய்யை நம்பவைத்து ஒரு மனிதரை மறுபடி குனிய வைத்துவிட்டீர்களே! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பட்டறையின் இரும்பையே வளைத்திருப்பேன்.

ஆகவே இந்தப் பரிசை நான் ஏற்கவில்லை. நாளை வேனில் ஏறப் போவதும் இல்லை. விடியும்போது பாலத்தில் நிற்பேன். கழகம் என்னை நீக்குவதானால் நீக்கட்டும், மலை நீக்காது. என்னோடு நடக்கத் துணிந்தவர்கள் இப்போது, இந்த அரங்கத்தில், எழுந்து நில்லுங்கள்!

பொறுங்கள், பொறுங்கள். எல்லாரும் ஒரேயடியாக எழாதீர்கள். உட்காருங்கள். நம் வழக்கம் மறந்துவிட்டதா? முன்னால் யார்?

அண்ணே, உங்களைத்தான். நீங்கள் எழுந்திருங்கள்.

ஊன்றுகோலைத் தேடுகிறார். நாம்தான் முறித்துவிட்டோமே, பக்கத்தில் இருப்பவர் கைகொடுங்கள். அவசரமில்லை அண்ணே. அரங்கம் காத்திருக்கும். அவர் நிமிர்ந்து நிற்கும்வரை யாரும் முந்த வேண்டாம்.

நின்றுவிட்டார்! இப்போது எழுங்கள், என் மக்களே! அடடா, எத்தனை தலை! வாசலில் நின்ற தந்தைமார்களும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு கன்னத்தில் நுரையோடு நின்றவரும் அதோ கைதூக்குகிறார். வீட்டில் குறையொன்றும் இல்லையே?

தம்பி, எங்கே இறங்குகிறீர்கள்? படி பார்த்து, மெதுவாக. அண்ணனிடமா? போங்கள். என்ன சொல்கிறார், மைக்கைக் கொண்டுபோங்கள்... "அண்ணே, நான் பேசாம இருந்தது தப்பு. நாளைக்கு உங்க பின்னாடி வரேன், வேன் வேண்டாம்." கேட்டீர்களா? அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "கால் தாங்குமா தம்பி? தாங்கலன்னா சொல்லுங்க, நின்னு நின்னு போவோம்" என்கிறார்.

மேடையில் தனியாக அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, உங்களுக்கும் வரிசையில் இடம் இருக்கிறது. கோபத்தை எல்லாம் கொட்டிவிட்டேன், இனி மிச்சம் இல்லை. நாளை நீங்கள் பாலத்துக்கு வரும்வரை நாங்கள் கிளம்ப மாட்டோம். யாரையும் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு நன்றி. எழுந்து நின்ற கால்களுக்கு நன்றி. எல்லாருக்கும் வணக்கம்.