சுடுதண்ணி விடும் என்ஜின்

திருத்தணி பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருஷனும் நிறைமாத மனைவியும், பக்கத்தில் அவர்கள் ஊர் மெக்கானிக் பாயும் உட்கார்ந்திருந்தார்கள். கிணற்றுக்குப் புது ஆயில் என்ஜின் வாங்கப் போகிறார்கள்.

“காத்துல ஆறுற என்ஜின், தண்ணில ஆறுறது மாதிரி சுடுதண்ணி வுடாதே. பொறக்கப் போற புள்ளைய எதுல குளிப்பாட்றது?” என்றாள் மனைவி.

புருஷன் பாயிடம் திரும்பினான். “எது பாய் ரொம்ப நாளு உழைக்கும்?”

“தண்ணில ஆறுறதுதான். கெணத்துத் தண்ணியே உள்ள ஓடி, சூட்ட இழுத்துக்கினு வெளிய வந்துடும். ஆனா கெணத்துல தண்ணி எறங்கினா ஒடனே நிறுத்தணும். போன தபா நீ தூங்கிட்டே, தண்ணி இல்லாம சூடேறி பிஸ்டன் புடிச்சிக்கிச்சி.”

“அந்த பயந்தான் பாய். ராவுலதான எறைக்க வேண்டியிருக்குது.”

“நீங்க தூங்குங்க,” என்றாள் அவள். “புள்ள பொறந்தா நான் ராவெல்லாம் முழிச்சிக்கினுதான் இருப்பேன். சுடுதண்ணி நின்னா என்ஜின நிறுத்த எனக்குத் தெரியாதா?”