சீல் விழாத நகல்

தொண்ணூற்றொன்றில், அந்தக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜு லாட்ஜாகப் போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்தது. வெளியூர் முகம் என்றால் டீக்கடையில்கூடப் பேச்சு நின்றுபோகும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் ரேஷன் கார்டோடு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஜோல்னாப் பையோடு, வெளியூர்க் கல்லூரி வாத்தியார் ஒருவர்.

“இன்னா சார் இது? எல்லாப் பக்கத்துலயும் ‘சீக்ரெட்’னு சீல் கீது!” என்றார் கடைக்காரர்.

“அதைக் கோடு போட்டு அடிச்சிருக்காங்க பாருங்க. அம்பது வருஷத்துக்கு முந்தி யுத்தத்துக்காகச் செஞ்ச கம்ப்யூட்டர் பத்தின பேப்பர். இனிமே ரகசியம் இல்லைன்னு அந்த நாட்டு கவர்ன்மென்டே வெளியில விட்டுடுச்சு.”

“கோடு யாரு வேணா போடலாமே சார். காப்பி யாருக்கு?”

“என்னை மாதிரி கம்ப்யூட்டர் வரலாறு எழுதறவங்களுக்கு. கல்கத்தாவுல ஒருத்தர், வெளிநாட்டுல ரெண்டு பேர்.”

“வெளிநாடா?”

கடைக்காரர் வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு சீலின் மேல் ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்தை வைத்து மெஷினை மூடப்போனார்.

“ஐயோ, சீலை மறைக்காதீங்க! அது தெரிஞ்சாத்தான் அசல் பேப்பர்னு அவங்க நம்புவாங்க.”

“போலீஸும் அப்டித்தான் சார் நம்பும்.”

எனக்குப் பின்னால் நின்றவர் கழுத்தை நீட்டி, வாத்தியாரிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

“சார் எந்த லாட்ஜுல தங்கிகினு கீறீங்க?”