முப்பது குஞ்சு, மூணு வாரம்

மாமனார்: பேசாதே. பதினெட்டு... பத்தொன்பது... அட, நகர்ந்துட்டான் படவா!

மருமகள்: மாமா, அந்த மூலையில கிடக்கிறதை முன்னாடியே எண்ணிட்டீங்க.

மாமனார்: எண்ணலை. இது வேற ஆளு. இவனுக்கு முதுகுல மூணு புள்ளி.

மருமகள்: எல்லாத்துக்கும்தான் புள்ளி இருக்கு.

மாமனார்: உன் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணு. என் கண்ணுக்கு அப்படி இல்ல. தள்ளு, மறுபடி ஒண்ணுல இருந்து...

மருமகள்: விடுங்க மாமா. நான் எண்ணியாச்சு. முப்பத்திரண்டு.

மாமனார்: எத்தனை தடவை எண்ணினே?

மருமகள்: மூணு தடவை.

மாமனார்: மூணும் ஒரே மாதிரி வந்துச்சா?

மருமகள்: முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு.

மாமனார்: அந்த முப்பத்தொண்ணு உன் கண்ணு பண்ணின தப்பு. சரி, போதும். அந்த வண்ணமீன் கடைக்காரன் கேட்டது முப்பதுதானே? ரெண்டு கூடவே இருக்கு. வந்து பார்த்து மூக்கை உடைச்சுக்கட்டும்.

மருமகள்: அவர்னு சொல்லுங்க. நாலு மணிக்கு வந்துடுவார். அவர் முன்னாடியும் இப்படி அவன் இவன்னு பேசினீங்கன்னா, எனக்கு வேலை கிடைச்ச மாதிரிதான்.

மாமனார்: வேலை கேட்டுப் போனவளை, ‘கெளுத்தி முட்டையை வீட்டுல பொரிக்க வெச்சு, முப்பது குஞ்சை மூணு வாரம் காப்பாத்திட்டு வா, அப்புறம் பார்க்கலாம்’னு அனுப்பினானே... அவன் நல்லவனா இருப்பானா?

மருமகள்: குஞ்சு வளர்க்கிற இடத்துல குஞ்சு வளர்க்கத் தெரியுமான்னுதானே கேட்பாங்க? பாட்டு பாடவா சொல்லுவாங்க?

மாமனார்: கூட்டிப் பெருக்குற வேலை கேட்டுப் போனா, முதல்ல ஊரைப் பெருக்கிக் காட்டுன்னா சொல்றான்? இது ஆளைத் துரத்துற வித்தை. இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். மாடித் தண்ணித் தொட்டி கழுவப் போனா, ‘முதல்ல கழுவிக் காட்டு, அப்புறம் பேசுவோம்’னு சொல்லுவானுங்க. கழுவினதும் ஆளைக் காணோம்.

மருமகள்: இவர் காணாமப் போகமாட்டார்.

மாமனார்: உனக்கெப்படித் தெரியும்?

மருமகள்: ...தெரியும். நகருங்க, தீனி போடணும்.

மாமனார்: இரு இரு, நான் வந்து நின்னுக்கிறேன். இதைப் பார்க்காம எனக்குப் பொழுது ஓடாது.

மருமகள்: டிவி பார்க்கிற மாதிரி நாற்காலி வேற போட்டாச்சு.

மாமனார்: டிவியில என்ன இருக்கு? சும்மா கத்துவான். இங்க பாரு... நீ உப்புத்தண்ணி பாட்டில்ல பொரிக்க வெச்சியே இறால் குஞ்சு, தூசி மாதிரி, அது கீழ இறங்குது... வாசனை தெரிஞ்சுடுச்சு பாரு! மீசையாலயே தடவிக்கிட்டு வர்றானுங்க!

மருமகள்: மெல்லப் பேசுங்க. பயந்துக்கும்.

மாமனார்: இதுவா பயப்படும்? கண்ணு இமை முடி அளவு ஒரு உடம்பு, அதுல அரை உடம்பு கண்ணு. இருந்தும் பாரு, பக்கத்துல இருக்கிறவனை இடிச்சுத் தள்ளிட்டுப் போறான். ...வயிறு செங்கல் நிறமாயிடுச்சு! சாப்பிட்டது வெளியில தெரியுது!

மருமகள்: அதுக்குத்தான் இந்த இறாலு. வயிறு சிவந்துட்டா பசி ஆறிடுச்சுன்னு அர்த்தம்.

மாமனார்: மனுஷனுக்கும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்? உன் புருஷன் சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு போன்ல சொல்றான். உண்மையா பொய்யான்னு யாருக்குத் தெரியும்?

மருமகள்: அவர் வயிறு எப்பவும் தெரியத்தான் செய்யுது மாமா.

மாமனார்: ஹ! ...அதுவும் சரிதான். ஆனா ஒண்ணு. மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக்கொடுக்கணுமான்னு ஊரெல்லாம் சொல்றான். இதுங்க பொரிஞ்ச அன்னைக்கு வந்து பார்த்திருக்கணும் அவனுங்க. வயித்துல ஒரு மஞ்சள் மூட்டையைக் கட்டிக்கிட்டு, தரையில கிடந்து துடிச்சுதே தவிர, ஒரு விரக்கடை நீந்தலை.

மருமகள்: ரெண்டு நாளைக்கு அந்த மூட்டைதான் அதுங்களுக்குச் சாப்பாடு.

மாமனார்: கட்டுச்சோறு கட்டிக்கிட்டே பொறக்குது! இந்தப் பெரிய தொட்டியில இருக்கிற பெத்தது ரெண்டையும் நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. கண்ணாடியில முட்டையை ஒட்டி வெச்சுட்டு, மறுநாள் அதையே தின்ன வருதே. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுன்னு சொன்னவன் இந்த மீனைப் பார்த்ததே இல்ல.

மருமகள்: பெல் அடிக்குது. மாமா... உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். வாயைத் திறக்காதீங்க.

மாமனார்: நான் எதுக்குத் திறக்கிறேன்? ...ஏம்மா, இந்த வேலை கிடைச்சா நீ அந்தத் தையல் கூடத்துக்குப் போகவேண்டாம்தானே? அங்க பஞ்சுத் தூசியில இருமி இருமி...

மருமகள்: போகவேண்டாம். அதுக்குத்தானே இவ்வளவும். வாயை மூடுங்க. ...வாங்கண்ணே, உள்ள வாங்க. இவர் என் மாமனார்.

கடைக்காரர்: வணக்கம் பெரியவரே.

மாமனார்: ம்.

மருமகள்: தண்ணி குடிக்கிறீங்களா?

கடைக்காரர்: அப்புறம் குடிக்கிறேன் தங்கச்சி. முதல்ல தொட்டி. ...இதுவா? ம்... ஓ...

மாமனார்: ஓன்னா என்ன?

மருமகள்: மாமா!

கடைக்காரர்: கேட்கட்டும் விடு. பெரியவரே, இங்க குனிஞ்சு பாருங்க. மீசை. ஒண்ணுக்குக்கூடத் தேயலை. தரையில தீனி அழுகிக் கிடந்தா முதல்ல மீசைதான் தேஞ்சு போகும். என் கொட்டகையிலயே பாதிக்கு மொட்டை மீசை.

மாமனார்: இவ தினமும் ரப்பர் குழாய் வெச்சு உறிஞ்சி எடுப்பா. காலையில ஒண்ணு, வேலை விட்டு வந்து ஒண்ணு. இருமிக்கிட்டே எடுப்பா. அதையும் எழுதிக்கோ... எழுதிக்கோங்க.

கடைக்காரர்: எழுதிக்கிறேன். எண்ணிடலாமா? ...ஏழு, எட்டு... ஏ, நில்லுடா... பதினாறு...

மாமனார்: அந்தப் புள்ளிக்காரனை விட்டுட்டீங்க.

கடைக்காரர்: இருபத்து நாலு. ...அப்புறம் ஒரு எட்டு. முப்பத்திரண்டு.

மாமனார்: கேட்டியாம்மா! முப்பத்திரண்டு! அவர் வாயாலயே!

கடைக்காரர்: ஆனா தங்கச்சி... இந்த எட்டும் ஏன் இவ்வளவு பொடிசா இருக்கு?

மருமகள்: ...எந்த எட்டுண்ணே?

கடைக்காரர்: இதோ, செடிக்குக் கீழ. பெரிசுங்களுக்கு உடம்புல பட்டை விழுந்தாச்சு. இதுங்களுக்கு இன்னும் வெறும் பொட்டு. ஒரு வாரத்துக்கு மேலயே இளசு. இது ஒரே நாள் பொரிச்ச குஞ்சு இல்ல.

மாமனார்: ஒரே வீட்டுல பொறந்த பிள்ளைங்க எல்லாம் ஒரே உயரமா இருக்கா? என் மூத்தவன் நெட்டை, இளையவன் குட்டை.

கடைக்காரர்: அவங்க ஒரே நாள்ல பொறந்தவங்களா?

மாமனார்: ...இல்ல.

கடைக்காரர்: தங்கச்சி, நேராவே கேட்கிறேன். குஞ்சு செத்துப் போச்சுன்னு வேற கடையில வாங்கி விட்டியா? முன்னாடி என்கிட்ட இருந்த ஆளும் இதைத்தான் பண்ணினான். செத்ததை மறைச்சு மறைச்சே நாலு தொட்டியைக் காலி பண்ணினான். மீனு சாகலாம். மறைக்கிறவன் கையில தொட்டியைக் கொடுக்க முடியாது.

மருமகள்: நான் எங்கயும் வாங்கலைண்ணே.

கடைக்காரர்: அப்ப இது எங்க இருந்து வந்துச்சு?

மருமகள்: இருங்கண்ணே, தண்ணி எடுத்துட்டு வர்றேன்.

கடைக்காரர்: தண்ணியா நான் கேட்டேன்? சரி, நான் கிளம்புறேன்.

மாமனார்: நில்லுய்யா! அவளை ஏன் கேட்கிறே? அவளைப் பார்த்து ஏமாத்துக்காரிங்கிற மாதிரிப் பேசினா எனக்குக் கெட்ட கோபம் வரும்!

மருமகள்: மாமா, வேண்டாம்...

மாமனார்: நீ சும்மா இரு. நான்தான் விட்டேன். அந்த எட்டும் நான் விட்டது.

கடைக்காரர்: நீங்களா?

மாமனார்: பொரிச்ச நாலாம் நாள். இவ வேலைக்குப் போயிட்டா. நான் பாட்டுக்குப் பார்த்துக்கிட்டு இருந்தேன். காத்துக் குமிழி விட்டுத் தண்ணி வடிகட்டுதே ஒரு பஞ்சு, அதுல கொழகொழன்னு பாசி. முப்பது வருஷம் மாடித் தொட்டி கழுவினவன்யா நான். வழவழப்பைக் கண்டா என் கை சும்மா இருக்காது. எடுத்து பிளீச்சிங் பவுடர் போட்டுப் பளிச்சுன்னு கழுவி வெச்சேன். புதுசு மாதிரி இருந்துச்சு.

கடைக்காரர்: அடக் கடவுளே. அந்தப் பாசிதானே அழுக்கைத் தின்னு தண்ணியைக் காப்பாத்துறது...

மாமனார்: அது எனக்குத் தெரியுமா? கழுவினா சுத்தம், சுத்தமானா நல்லது. இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. மறுநாள் காலையில ஒன்பது குஞ்சு வெள்ளையாக் கிடந்துச்சு. இவ எழுந்திருக்கிறதுக்குள்ள அள்ளிப் பூந்தொட்டியில புதைச்சேன். ‘எல்லாம் இருக்கும்மா, செடிக்குள்ள ஒளிஞ்சிருக்கு’ன்னு சொன்னேன்.

கடைக்காரர்: அந்த எட்டு?

மாமனார்: அடுத்த நாளே பெரிய தொட்டியில இருக்கிற ஜோடி கண்ணாடியில மறுபடி முட்டை வெச்சுது. பெத்தது தின்னுறதுக்கு முன்னாடி நகத்தால சுரண்டி எடுத்து, துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னாடி ஒரு வாளியில போட்டேன்.

கடைக்காரர்: காத்து மோட்டார் இல்லாமயா?

மாமனார்: மோட்டார் போட்டா சத்தம் கேட்டு இவ கண்டுபிடிச்சுடுவாளே. மணிக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுப்பேன், பெரிய தொட்டித் தண்ணி ஒரு டம்ளர் ஊத்துவேன். அரிசி கழுவுற மாதிரி அவசரம் இல்ல, சொட்டுச் சொட்டா. இவ பாட்டில்ல இருந்து இறாலைக் கொஞ்சம் திருடுவேன். வயிறு சிவந்தா நிறுத்திடுவேன். பத்து முட்டை. எட்டு நின்னுச்சு. போன வாரம் இங்க கொண்டுவந்து கலந்தேன்.

கடைக்காரர்: பத்துல எட்டா?!

மாமனார்: ஆமா. அந்தப் பாராட்டெல்லாம் இப்ப எனக்கு வேண்டாம். கணக்கு இவளோடதுதான். முப்பத்து மூணு பொரிச்சா. என் கை படாம இருந்திருந்தா முப்பத்து மூணும் இருந்திருக்கும். தண்டனை கொடுக்கணும்னா எனக்குக் கொடு. நான் இனிமே இந்த ரூம் பக்கமே வரலை. இந்த நாற்காலியை வேணும்னாலும் உடைச்சுப் போட்டுடறேன். இந்தப் பொண்ணு மாதிரி ஒருத்தி உன் கடைக்கு ஏழு ஊரு தேடினாலும் கிடைக்கமாட்டா. அவ வேலையை மட்டும் கெடுத்துடாதே சாமி... ஏய், நீ ஏம்மா சிரிக்கிறே? நான் இங்க தலையை உடைச்சுக்கிறேன்...

கடைக்காரர்: தங்கச்சி, என்னால இதுக்கு மேல நடிக்க முடியாது. நீயே சொல்லிடு.

மாமனார்: நடிப்பா? எனக்கு அப்பவே தெரியும், இந்த ஆளை நம்பக்கூடாதுன்னு! என்னம்மா நடக்குது இங்க?

மருமகள்: அன்னைக்கே பஞ்சுல பிளீச்சிங் வாசனை அடிச்சுது மாமா. மெஷினுக்குப் பின்னாடி இருந்த வாளியையும் பார்த்துட்டேன். போன ஞாயித்துக்கிழமை கடைக்குப் போய் ஒன்பது செத்ததையும், நீங்க ஒளிச்சு ஒளிச்சு எட்டு வளர்த்ததையும் அண்ணன்கிட்ட ஒண்ணுவிடாம சொல்லிட்டேன். வேலை எனக்கு அன்னைக்கே கிடைச்சாச்சு... அவர் கொட்டகையில நாப்பது தொட்டிக்குத் தண்ணி மாத்த, செத்ததைச் செத்துச்சுன்னு சொல்ற ஒரு ஆள் வேணுமாம். அந்த வேலைக்கு இன்னைக்கு அவர் பார்க்க வந்தது உங்களைத்தான்.