புகைச் சோதனைக்குப் போன கார்

தேங்காய் மட்டையை நான் எறிவதில்லை, ஜோசபின் அக்கா. நாரை உரித்து வெயிலில் காயவைத்துவிடுவேன். பாத்திரம் தேய்க்கலாம், அடுப்பு மூட்டலாம், கொசுவுக்குப் புகை போடலாம். போன கல்லறைத் திருநாளன்று நீங்கள் வந்தபோது அந்தக் குவியலைப் பார்த்து, "ஒத்த ஆளு சமைச்சு சாப்பிடற வீட்ல இவ்வளவு மட்டையா டீச்சர்?" என்று சிரித்தீர்கள்.

அன்றுதான் சுங்கைப் பட்டாணிக்கு வந்து உங்களோடு இருந்துவிடச் சொன்னீர்கள். பேட்ரிசியாவின் அறை சும்மாதான் கிடக்கிறது என்றீர்கள். "உங்களுக்குத் தம்பி போயிட்டான், எனக்கு மக போயிட்டா. நம்ம ரெண்டு பேருக்கும் வேற யாரு இருக்கா?" என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். வருவதற்கு எனக்குச் சம்மதம். அதற்கு முன்னால் சிலவற்றை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

சில்வெஸ்டரை நான்தான் வளர்த்தேன். அம்மா போனபோது அவனுக்குப் பால்பற்கள்கூட விழுந்திருக்கவில்லை. பிறகு அப்பாவும் போனார். என்னைப் பெண் கேட்டு இரண்டு இடங்களிலிருந்து வந்தார்கள். தம்பி படிக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் நாள் ஒழுங்காகத்தான் போனது. நான் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்துவேன், அவன் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்ப்பான். மாலையில் அந்த ஆஸ்டின் கார் ரப்பர் நிரைகளுக்குள் திரும்பும் சத்தம் கேட்டதும் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன். அது கொதிக்கவும் அவன் செருப்பைக் கழற்றவும் சரியாக இருக்கும்.

அந்தக் கார், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மானேஜரிடமிருந்து அப்பா வாங்கியது. புகை கக்கும். "டீச்சர் வூட்டு கார் வருது, கொசுவெல்லாம் ஓடுது" என்று பிள்ளைகள் பாடுவார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பிறகு வண்டிகள் கக்கும் புகைக்கும் ஒரு சட்டம் வந்தது. ரோட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். ஒருநாள் சில்வெஸ்டரையும் நிறுத்தி, புகையைச் சரிசெய்து அலோர் ஸ்டாருக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கார் ரோட்டில் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"இது கரேத்தாவா, கப்பலான்னு கேக்கறான்கா" என்று, காரை மலாயில் கேலி செய்த போலீஸ்காரனைப் பற்றிச் சொல்லி அவன் சிரித்தான்.

நானும் சிரித்தேன். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, ஈப்போவில் மருந்துக் கம்பெனி வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. ஊர் ஊராகச் சுற்றும் வேலை. சொந்தக் கார் இருந்தால்தான் எடுப்பார்கள். கார் தேறினால் வேலை, வேலை உறுதியானால் பேட்ரிசியாவோடு கல்யாணம், கல்யாணம் முடிந்தால் ஈப்போ. எல்லாம் அந்த ஒரு சோதனையில் நின்றது.

"பாஸாச்சுன்னா அடுத்த மாசமே ஈப்போதான். நீயும் லீவுக்கு வந்து போலா, அக்கா" என்றான்.

வந்து போ என்றான். அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான்.

சந்திப்பில் பட்டறை வைத்திருந்த நடராஜா என்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை செய்தார். சனிக்கிழமை காரை எடுக்க நானும் போயிருந்தேன். என்ஜினை முடுக்கிக் காட்டினார். குழாயின் பின்னால் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தார், அது வெள்ளையாகவே இருந்தது. சில்வெஸ்டர் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, எதிரே மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு ரொட்டி சானாய் வாங்க ஓடினான்.

நான் நடராஜாவிடம் லாரிக்காரர்களைப் பற்றிப் பேச்சுக்காகத்தான் கேட்டேன். புகைச் சட்டம் வந்த புதிதில் நம் தோட்டத்து லாரிக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஈரத் தேங்காய் நாரைப் பின்குழாயில் திணித்துக்கொண்டு சோதனைக்குப் போவார்கள். ஸ்டோரில் ரப்பர் பாலை வடிகட்டிப் பழகியவர்களுக்குப் புகையையும் வடிகட்டிவிடலாம் என்று தோன்றியது. பாதி வழியில் லாரி நின்றுவிடும்.

"புகை என்ன ரப்பர் பாலா டீச்சர், வடிகட்டி வாளியில புடிக்க? அதுக்கு மூச்சு முட்டும். வண்டி நின்னுரும்" என்றார் நடராஜா. இன்னும் கொஞ்சம் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிறு மாலை பேட்ரிசியாவை நீங்கள் பஸ் ஏற்றி அனுப்பினீர்கள். சோதனை முடிந்ததும் அலோர் ஸ்டாரிலேயே கல்யாணப் புடவை பார்ப்பதாக ஏற்பாடு. நிச்சயம் ஆன பெண்ணை மாப்பிள்ளையோடு தனியாக அனுப்புவது நம்மில் வழக்கமில்லை. நான் துணைக்குப் பின்சீட்டில் இருப்பேன் என்பதால்தான் விட்டீர்கள். அன்றிரவு அவள் என் கட்டிலில்தான் படுத்தாள். சளி பிடித்திருந்தது. நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டேன். "நீங்களும் எங்ககூட ஈப்போவுக்கே வந்துருங்கக்கா" என்றாள். நல்ல பெண். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

திங்கள் காலை அவர்கள் பசியாறிக்கொண்டிருந்தபோது நான் வெளியே போனேன். தேங்காய் நாரை நனைத்துக் காரின் பின்குழாய்க்குள் தள்ளினேன். கார் நின்றுபோகும், சோதனைக்குக் குறித்த நாள் தவறும், ஈப்போக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் என் எண்ணம். கையைக் கழுவிக்கொண்டு வந்து இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

மழை பிடித்துக்கொண்டது.

"ஏறுலா அக்கா, நேரமாவுது."

"தலை வலிக்குதுடா. நீங்க போயிட்டு வாங்க."

பேட்ரிசியா தயங்கினாள். "அம்மா ஏசுவாங்கக்கா. நீங்க வரீங்கன்னுதான் விட்டாங்க."

"நான் சொல்லிக்கிறேன். நீ ஏறு. சளியோட சாரல்ல நனையாதே" என்று குனிந்து, அவள் பக்கத்துக் கண்ணாடியை நானே கைப்பிடியைச் சுற்றி ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சில்வெஸ்டரையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். என் பேச்சை அவன் தட்டுவதில்லை.

கார் நிற்கவில்லை. மெதுவாக, இழுத்துக்கொண்டு போனது. கூப்பிட்டிருக்கலாம். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது. நிரை திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் துளிப் புகை இல்லை. இத்தனை வருடத்தில் அந்தக் காரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

குருண் தாண்டி, வயல் தொடங்கும் இடத்தில் கார் வாய்க்காலுக்குள் இறங்கிக் கிடந்தது. மழையில் வழுக்கியது என்றார்கள். அதிகாலையில் எழுந்ததால் தூங்கியிருப்பான் என்றார்கள். நடராஜா பிரேக்கைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பிறகு ஒரு பேச்சு கிளம்பியது. நான் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. மறுத்ததுமில்லை. பட்டறைக்கு ஆள் வருவது நின்றது. அவர் கடையை மூடிவிட்டுக் கூலிம் பக்கம் போய்விட்டார். குடிப்பதாகக் கேள்வி. புறப்படும் அன்று அவர் மனைவி பிரேமாவதிக்கு நான்தான் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். என் காலைப் பிடித்துக்கொண்டு, "எங்கள மன்னிச்சிருங்க டீச்சர்" என்று அழுதாள். மன்னித்துவிட்டேன் என்றேன்.

நடராஜா சனிக்கிழமை சொன்ன மிச்சம் இதுதான். பாயை விலக்கி, காரின் தரையில் துருப்பிடித்த ஓட்டைகளைக் காட்டினார். "லாரிக்குப் பரவாயில்ல. இந்த மாதிரி ஓட்டைக் கார்ல பின்னால அடைச்சா அந்தப் புகை எங்க போவும் டீச்சர்? உள்ளாறதான் ஏறும். வாடைகூட தெரியாது. தூங்கற மாதிரியே போயிருவாங்க. தம்பிகிட்ட சொல்லுங்க, எதுக்கும் கண்ணாடிய எறக்கியே ஓட்டட்டும்." சில்வெஸ்டர் ரொட்டிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தான். நான் அவனிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டது.

கார் தேறக்கூடாது என்று மட்டுமே நினைத்தேன். இத்தனை வருடமும் ஜெபத்தில் இதையேதான் சொல்லி வருகிறேன். இப்போதும் மாலையில் தண்ணீர் வைக்கிறேன். எந்தச் சத்தத்துக்கு வைப்பது என்று தெரியாததால் அது சில நாள் வற்றிப்போகிறது. உங்கள் வீட்டில் பேட்ரிசியாவின் கட்டிலையே எனக்கு விட்டுவிடுங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

ஒன்றே ஒன்று பாக்கி. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உங்களிடம் அடி எதிர்பார்த்து நின்றேன். நீங்களோ என் நெற்றியைத் தடவி, "அந்தத் தலைவலிதான் உங்களக் காப்பாத்துச்சு. மாதா குடுத்த தலைவலி டீச்சர்" என்றீர்கள். அதற்காக ஒவ்வொரு வருடமும் என் பேரில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறீர்கள். இனி ஏற்ற வேண்டாம்.

அன்று எனக்குத் தலை வலிக்கவில்லை, அக்கா.