சமையக்கட்டுப் பரண்ல ஒரு பச்ச லைட்டு

இல்லண்ணா, யாருக்கும் குடுக்கல. நெட்டு பாஸ்வேர்டுதான கேக்கறீங்க, என் வாயால யாருக்கும் சொன்னதில்ல. நீங்க சிரிக்கறீங்க. எல்லா ஊட்லயும் இதத்தான் சொல்லுவாங்களா? அப்பறம் பாத்தா மாடி ஊட்டுப் பையன், பக்கத்து ஊட்டு மச்சான்னு ஆளாளுக்கு ஓசில இழுத்துக்கிட்டு இருப்பாங்களா? இருக்கும்ணா. மத்த ஊட்டப் பத்தி எனக்கென்ன தெரியும். நான் இந்த ஊட்டச் சொல்றன்.

மொல்ல ஏறுங்க. அந்த ஸ்டூலு ஒரு காலு ஆடும், நான் புடிச்சிக்கறன். மூட்டையத் தள்ளிட்டு நில்லுங்க. ஆமாங்க, காலி பண்றோம். ஞாயித்துக்கெழம எங்க மச்சினரு டெம்போ எடுத்துக்கிட்டு வராரு. நாட்றாம்பாளையம் போறன், எங்கம்மா ஊடு. அஞ்செட்டி தாண்டி மேல, மலைக் காட்டோரம். செல்லு எடுக்காது, போன் லைன் கெடையாது, பஸ்ஸு வந்தா உண்டு. ஊட்டுக்காரரு புனேல இருக்காரு, கம்பெனி அனுப்பி வெச்சிருக்குது. இன்னும் ரெண்டு வருசம் ஆவுமாம். தனியா எதுக்கு அங்க கெடக்கற, பாப்பாவக் கூட்டிக்கிட்டு உங்கம்மா ஊட்டுக்குப் போன்னு சொல்லிட்டாரு. மூட்டையக் கட்டிட்டன், ஆனா வாயத் தொறந்து இன்னும் சரின்னு சொல்லல. இன்னைக்கிச் சொல்லணும். சாயங்காலம் கம்ப்யூட்டரு கேமரால வருவாரு, வந்ததும் மொதல்ல அதத்தான் கேப்பாரு.

கம்ப்யூட்டரா? ஆப் பண்ணித்தான் இருக்குது. முன்னாடி ரூம்ல துணி போத்தி வெச்சிருக்கன், நீங்களே பாத்துட்டு வந்தீங்க. அது ஆப்ல இருக்கறப்ப இந்தப் பச்ச லைட்டு எதுக்கு இப்பிடி அடிச்சிக்குதுன்னுதான் உங்க நெட்டு ஆபீஸுக்குப் போன் பண்ணன். சும்மாவே அப்பப்ப மினுக்கும்மான்னு போன்ல ஒரு பொண்ணு சொல்லுச்சி. சும்மா மினுக்கறது எனக்குத் தெரியாதாண்ணா? இங்கதான நின்னு சமைக்கறன். சும்மான்னா கண்ணு சிமிட்டற மாதிரி இருக்கும். இது விசில் வரதுக்கு முன்னாடி குக்கர் வெயிட்டு ஆடற மாதிரி ஆடுது. யாரோ உள்ள இருந்து இழுக்கறாங்கன்னு நீங்களும் சொல்றீங்கல்ல. அப்ப நான் நெனச்சது சரிதான்.

இந்த ரூட்டர இங்க வெச்சது யாருன்னா கேக்கறீங்க? அவருதான் வெச்சாரு. பொக, சூடு, எண்ணப் பிசுக்கு எல்லாம் ஏறிக் கெட்டுப்போவும்னு இப்ப நீங்க சொல்றீங்க, அன்னைக்கி எனக்கு யாரு சொன்னாங்க. கம்ப்யூட்டரு முன்னாடி ரூம்ல, இது கடேசிச் செவுத்துப் பரண்ல. ஊடு நீளத்துக்கும் ஒயர இழுத்து கிளிப்பு அடிச்சிருக்காரு பாருங்க. கோணல் இல்லாம அடிச்சிருக்காரு, இல்ல? அவரு கைவேல எப்பவும் சுத்தமா இருக்கும்.

போன வருசம் ஆயுத பூசைக்கு முன்னாடி வாங்கிக்கிட்டு வந்தாரு. சோப்பு டப்பா கணக்கா இத்தினியூண்டு. தரையில ஒக்காந்து, புஸ்தகத்த விரிச்சிப் போட்டு, பெங்களூர்ல இருக்கற சிநேகிதக்காரருக்குப் போனடிச்சி ஸ்பீக்கர்ல வெச்சிக்கிட்டாரு. அவரு சொல்லச் சொல்ல இவரு ஒயரு மாட்டறாரு. நான் பாப்பாவ இடுப்புல வெச்சிக்கிட்டு டார்ச் லைட்டு காட்டறன். கம்பெனில வெளியூருக்கு அனுப்பப் போறாங்க, நான் போய்ட்டா நீயும் பாப்பாவும் தெனமும் என்னப் பாக்கணும்ல, அதுக்குத்தான் இதுன்னாரு. எனக்கு அழுக வந்துருச்சிங்க. கல்யாணம் ஆனதுல இருந்து எனக்குன்னு அவரு கேட்டு வாங்குன பொருளு அது ஒண்ணுதான். ஆயுத பூச அன்னைக்கி மிக்ஸிக்கி, தையல் மிஷினுக்கு, அவரு வண்டிக்கெல்லாம் பொட்டு வெச்சிட்டு இதுக்கும் சந்தனம் வெச்சன். பாருங்க, மூலையில இன்னும் காஞ்சி ஒட்டிக்கிட்டு இருக்கும். தொடச்சிடாதீங்க, இருக்கட்டும். இல்ல, தொடச்சிடுங்க.

மாட்டி முடிச்சிட்டு, லேப்டாப்பு ஒண்ணு கம்பெனில குடுத்திருந்தாங்க, அதத் தொறந்து கையில ஏந்திக்கிட்டு ஊடெல்லாம் நடந்தாரு. சாப்பாட்டுத் தட்ட ஏந்திக்கிட்டுப் போற மாதிரி. நடுரூம்ல நின்னாரு, வாசல்ல நின்னாரு. அப்பறம் என்னச் சமையக்கட்டுல நிக்க வெச்சிட்டு, இந்த லைட்டையே பாத்துக்கிட்டு இரு, நான் போன்ல கேப்பன், எரிஞ்சா எரியுதுன்னு சொல்லுன்னு சொல்லிட்டு வெளிய போனாரு. ரொம்ப நேரம் ஆச்சி. நான் பாப்பாவுக்குச் சோறு கூட ஊட்டல. எங்க கண்ண எடுத்தா அணைஞ்சிடுமோன்னு பாத்துக்கிட்டே நிக்கறன். அப்பறம் போன் வந்துச்சி. எரியுதான்னாரு. எரியுதுங்கன்னன். நல்லா ஆடுதான்னாரு. ஆடுதுங்கன்னன். திரும்பி வரப்ப பாப்பாவுக்குப் பன்னு வாங்கிக்கிட்டு வந்தாரு. நல்ல சந்தோசம் மொகத்துல. இங்க பரண்ல வெச்சாத்தான் நல்லா எடுக்குது, இங்கயே இருக்கட்டும்னாரு. அன்னைக்கி நானும் சந்தோசமாத்தாங்க இருந்தன்.

டீ போடறன், எறங்குங்க. இருங்கண்ணா, என்ன அவசரம். அடுத்த கம்ப்ளைன்ட்டு பாகலூரா? ஒரு டீ குடிக்கற நேரத்துல பாகலூரு எங்கயும் ஓடிடாது.

பாஸ்வேர்ட மாத்திட்டா முடிஞ்சிதுன்னு சொல்றீங்க. மாத்துங்க, ஆனா இப்ப வேணாம். பழசு என்னன்னா கேக்கறீங்க? அது... அடிச்சிக் காட்டறன், சொல்ல மாட்டன். கோவிச்சிக்காதீங்க. அது அவரு பேருங்க. எங்க பக்கம் புருசன் பேரச் சொல்ல மாட்டோம். ரேசன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கறவங்கதான் சொல்லுவாங்க. கோயில்ல அர்ச்சனைக்கின்னா பாப்பா பேரச் சொல்லிட்டு வந்துருவன். பாஸ்வேர்டு போடறப்ப அந்தச் சிநேகிதக்காரரு போன்ல சொல்றாரு, கஷ்டமாப் போடுய்யா, ஊட்ல இருக்கறவங்க யாருக்காச்சும் சொல்லிடுவாங்கன்னு. இவரு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. என் பேரையே போடறன், அவ கழுத்துல கத்தி வெச்சாலும் சொல்ல மாட்டா, இதவிடப் பூட்டு வேணுமான்னு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன். அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கன், இங்கிலீசுல அந்த ஒரு பேரு மட்டும் எந்தக் கட்டைய அமுக்கிட்டு அப்பறம் எந்தக் கட்டைய அமுக்கணும்னு பழக்கி உட்டாரு.

அதத்தாண்ணா நானும் சொல்றன். வேற யாருக்கும் தெரியாது. தெரிஞ்சவரு அவரு ஒருத்தரு, அவரு புனேல இருக்காரு.

தீவாளி முடிஞ்சி போனாரு. தெனமும் சாயங்காலம் கேமரால வருவாரு. நீல ஸ்கிரீன் துணி ஒண்ணு பின்னாடி தொங்கும், கம்பெனி குடுத்த ரூமுன்னு சொல்லுவாரு. பாப்பாவப் பாட்டுப் பாடச் சொல்லுவாரு. நல்ல மனுசன்தாங்க, பாப்பான்னா உசிரு. ஒரு நாளு தளி ஊருக் காய்வண்டி தெருவுல வந்துச்சி. மைக்ல அவரக்கா, பீன்சு, கேரட்டுன்னு தமிழ்ல ஒருக்கா, கன்னடத்துல ஒருக்கா கத்திக்கிட்டு வரும்ல, அது. எங்க வாசலத் தாண்டிப் போயிடுச்சி. கொஞ்ச நேரம் கழிச்சி அதே மைக்கு கம்ப்யூட்டருக்குள்ள கத்துது. பாப்பா சொல்லுது, அப்பா ஊட்லயும் காய்வண்டி வருதும்மான்னு. அவரு ஒண்ணும் பதறல. உங்க சத்தம் இங்க வந்து திரும்பி உங்களுக்கே கேக்குது, நெட்டுல அப்பிடித்தான் ஆவும்னாரு. நான் நம்பிட்டன். அவ்ளோ தூரம் போற சத்தம் திரும்பி வராதான்னு.

பொங்கலுக்கு ஒட்டற அடிக்கறப்ப ஸ்விட்ச ஆப் பண்ணிட்டு இத எறக்கி வெச்சன். சீலையில தொடச்சிக்கிட்டு இருக்கறன், அதுக்குள்ள செல்லுல கூப்புடறாரு. எதுக்கு ஆப் பண்ணன்னு கேக்கறாரு. ஆப் பண்ணவே கூடாதாம், பண்ணா உள்ள வெந்துடுமாம். புனேல இருந்துக்கிட்டு இங்க ஆப் ஆனது எப்பிடித் தெரிஞ்சிதுன்னு நான் கேக்கல பாருங்க. என்னென்னமோ தெரியுது இந்தக் காலத்துலன்னு உட்டுட்டன்.

பக்கத்து ஊட்டுச் சாந்தம்மா இருக்காங்கல்ல, நீங்க வரப்ப வாசல்ல ஒக்காந்திருந்தாங்களே, தெலுங்கு பேசறவங்க. இங்க நம்ம ராயக்கோட்ட ரோட்டுலயே கம்பெனி பஸ்ஸு ஏறறப்ப உன் வீட்டுக்காரர பாத்தன்னாங்க. கண்ணாடி மாத்துங்கக்கான்னு கிண்டல் பண்ணன். அவங்க மொகம் சுண்டிப் போச்சி. அதுக்கப்பறம் அவங்க ஒண்ணும் பேசறதில்ல, பாப்பாவ மட்டும் கூப்புட்டுத் தலையத் தடவி உடுவாங்க. தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்னு இப்பத் தோணுது.

சக்கர போதுமா?

என்ன சொன்னீங்க? ஒரு கம்ப்யூட்டருதான், அதுவும் ஒயருல மாட்டியிருக்குது, அப்ப இந்த ரூட்டரே தேவையில்லன்னா சொல்றீங்க? டெலிபோன் டப்பாவுல இருந்து நேரா இழுத்தாலே என்னால அவரப் பாக்க முடியுமா?

இருங்க. இன்னொருக்காச் சொல்லுங்க.

ஒயரு இல்லாம வேற எடத்துல இழுக்கறதுக்குத்தான் இது. சரிங்க. இல்லண்ணா, ஒண்ணும் இல்ல, பொக கண்ணுல பட்டுருச்சி. மத்ததெல்லாம் எனக்குத் தெரியும், இது ஒண்ணு மட்டும் தெரியாம இருந்துச்சி. நமக்குன்னு வாங்குனதுன்னாச்சும் நெனச்சிக்கிட்டு இருந்தன்.

இந்தச் செவுத்துக்குப் பின்னாடியா? ஊடுதான். முதுகும் முதுகும் ஒட்டிக் கட்டுன ஊடு. அதோட வாசலு அந்தத் தெருவுல. நான் எங்க அந்தத் தெருவுக்குப் போறன். பள்ளிக்கூடத்து வேனு இங்க வருது, பால் பாக்கெட்டு இங்க வருது, காய் இங்க வருது. கூச்சப்பட்டுக்கிட்டு உள்ளயே கெடக்கறவ. அவருக்கு அதுவும் தெரியும்ல. பேரு சொல்ல மாட்டா, தெரு தாண்ட மாட்டா.

நேத்து தாண்டுனன்.

பாப்பா வேன்ல போனதும் பொறப்பட்டன். கோடிக் கடைய சுத்தி, குப்பத் தொட்டியத் தாண்டி, அந்தத் தெரு. நம்ம செவுரு எங்க வரும்னு மனசுல அளந்துக்கிட்டே போனன். ஜன்னல்ல நீல ஸ்கிரீன் துணி. படியில கம்பெனி ஷூ. எடது ஷூவுல கயிறு அறுந்து போச்சின்னு பாப்பா பாவாட நாடாவ எடுத்து நாந்தான் கோத்துக் குடுத்தன், செவப்பு நாடா, அது அப்பிடியே இருக்குது. பக்கத்துல ஒரு பொம்பள செருப்பு. சின்னக் காலு. உள்ள தாளிக்கற வாசன வந்துச்சி, கறிவேப்பில. நான் தட்டல. திரும்பி வந்து பாப்பாவுக்கு உப்புமா கிண்டி வெச்சன்.

சாயங்காலம் கேமரால வந்தாரு. புனேல குளுரான்னு கேட்டன். மழைம்மா, வெளியவே போக முடியலன்னாரு. கொட எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொன்னன்.

லைட்ட ரிப்பேரு பண்ண நான் உங்களக் கூப்புடலண்ணா. லைட்டு நல்லாத்தான் இருக்குது. என்ன மன்னிச்சிக்குங்க, இவ்ளோ நேரம் டீ, கதைன்னு உங்களப் புடிச்சி ஒக்கார வெச்சிட்டன், அவரு வர நேரம் ஆவட்டும்னு. எங்க மாமியாரு குந்தாரப்பள்ளியில இருக்காங்க. காலைல போன் பண்ணி, உங்க புள்ள புனேல இல்ல அத்தைன்னு சொன்னன். வாயே தொறக்காத பொண்ணு, தனியா இருந்து கனா கண்டிருக்குது, சீக்கிரம் மலைக்கி அனுப்புங்கன்னு பக்கத்துல மச்சினருகிட்டச் சொல்றாங்க, எனக்கே கேக்குது. நான் சொன்னா நிக்காதுண்ணா. ஷூவப் பாத்தன்னா, ஊருல ஒரே மாதிரி எத்தன ஷூன்னுவாங்க. நான் தட்டறதுக்குள்ள பின்னாடிப் போயி ஒளிஞ்சிக்கிட்டா, அடுத்த நாளு புனேல இருந்து மறுபடியும் வருவாரு. மலைக்கிப் போயிட்டனா, அப்பறம் நான் ஒருத்தி இருந்தன்னே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நீங்க ஆபீஸ் ஆளு. எங்க சாதி சனம் இல்ல. யாரு பக்கமும் இல்ல. நீங்க சொன்னா மச்சினரு தலகுனிஞ்சி கேப்பாரு. பயப்படாதீங்க, சண்டைக்கி இழுக்க மாட்டன். ஒண்ணே ஒண்ணு.

அதா, கம்ப்யூட்டரப் போடச் சொல்லிச் செல்லு அடிக்குது. அவருதான். எந்திரிங்க, முன்னாடி ரூமுக்கு வாங்க. மொதல்ல நான் ஒக்காந்து பேசுவன். அடுப்புல பால் வெச்சிட்டு வந்தன், இருங்க வரன்னு சொல்லிட்டு எந்திரிப்பன். சேர் காலியா இருக்கும், அவரு காத்துக்கிட்டு இருப்பாரு, எனக்காக எப்பவும் காத்துக்கிட்டுதான் இருப்பாரு. நீங்க இப்பிடி ஓரமா, கேமரால உழாம நில்லுங்க. பாப்பா தூங்குது, எந்திரிச்சா சாந்தம்மாவுக்கு ஒரு குரல் குடுங்க. நான் அந்தத் தெருவுக்குச் சுத்திப் போவணும், கொஞ்ச நேரம் ஆவும். கதவு தட்டற சத்தம் இந்த ஸ்பீக்கர்ல உங்களுக்கு நல்லாவே கேக்கும். அப்ப அவரு மூஞ்சியப் பாருங்கண்ணா. நான் கதவுக்கு அந்தப் பக்கம் நிப்பன், எனக்குத் தெரியாது. யாராச்சும் ஒருத்தரு பாத்திருக்கணும்.