ஈரத்தில் தெரிந்த நிறம்

“கதவு செத்த முகம் மாதிரி வெளிறிக் கிடக்குது.”

வெள்ளவத்தையில் கல்கிசை பஸ் ஏறி, எனக்கு முன் இருக்கையில் அமர்ந்த தம்பதியில் கணவர்தான் இதைச் சொன்னார். அவர் மடியில் வார்னிஷ் டின். மனைவியின் கையில், மாதிரிக்காகச் சாயம் பூசிய பிளைவுட் துண்டு. கணவரே தொடர்ந்தார்:

“நாளைக்கு வீட்டுக்காரம்மா கனடாவில இருந்து வந்திறங்குறா. அவவின்ர அலுமாரிக் கதவை நாங்கள் உடைச்சுப் புதுசு போட்டது தெரிஞ்சால், வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போடுவா.”

“அவவுக்குத் தெரிய வராதப்பா. சாயம் காய்ஞ்சால் அப்பிடித்தான் வெளிறுமாம். வார்னிஷ் அடிச்சாத்தான் சரியான நிறம் வருமாம். ஈரம் பட்டாலும் அந்த நிறம் தெரியும் எண்டு கடைக்காரர் சொன்னவர். நீங்கள் வெளியில நிண்டு போன் கதைச்சனீங்கள்.”

போத்தல் தண்ணீரில் விரலை நனைத்து மனைவி பிளைவுட் துண்டில் தேய்த்தார். தேய்த்த இடம் தேக்கு நிறத்துக்கு வந்தது.

“பாருங்கோ, மற்றக் கதவுகளின்ர நிறமேதான். கதவுக்கும் இப்பிடி ஒருக்காப் பூசினதே காணும். இன்னும் பூசியிருந்தால் கறுத்துப் போயிருக்கும்.”

கணவர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னப்பா, பிறகேன் முகம் இப்பிடிக் கிடக்கு?”

“காலமை நீ குளிக்கேக்க, கதவுக்கு இன்னும் ரெண்டு தரம் பூசிப்போட்டன்.”

மனைவி ஈரத் துண்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“அவவின்ர பிளைட் எத்தினை மணிக்கு?” என்று மனைவி கேட்டார்.