நனையக் கூடாத மோட்டார்

"வீட்ல ரெண்டு வண்டி இருக்கு, நான் பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

காலை மழையில், ஜெலுத்தோங் பஸ் நிறுத்தத்தில், எனக்கு முன்னால் நின்ற, தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒரு பெண் தன்னுடன் வேலை செய்பவளிடம் சொன்னார்.

"ஸ்கூட்டர் ஒங்களுக்குன்னுதானேக்கா அண்ணன் வாங்கினாரு?"

"மழைன்னா அவரு மோட்டார் சைக்கிள் நனையக்கூடாதாம். அத ஹால்ல போர்வை போத்தி வச்சிட்டு, என் ஸ்கூட்டர எடுத்துட்டுப் போயிடுறாரு. இன்னொரு நாள் லேட்டா வந்தா வேற வேலை பாத்துக்கன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

அந்த மனுசனை நான் பார்த்ததில்லை. அது அவருக்கு நல்லது.

பஸ் நிறைந்து வந்தது, நிற்காமலே போனது.

"போச்சுலா! இப்ப என்னக்கா பண்றது?"

அந்த அக்கா போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, ஒங்க மோட்டார வாசல்ல மழையில தள்ளிட்டுத்தான் வந்தேன். போர்வைய மடிச்சு உள்ள வச்சிட்டேன். என் ஸ்கூட்டர இப்பவே பஸ் ஸ்டாப்புல கொண்டாந்து குடுத்துட்டு, நீங்க பஸ்ல வீட்டுக்குப் போங்க."